மூக்கில் ஏறும் கடுகு சாஸ்: வீட்டிலேயே செய்யலாம், தெரிந்து செய்யலாம்



சாயங்காலம் ஆனால் போதும், நம்ம ஸ்ரீமுஷ்ணம் பக்கத்திலும் சரி, விருத்தாசலத்திலும் சரி, தள்ளுவண்டிக் கடைகளில் இரும்புச் சட்டி சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். காளான், சில்லி சிக்கன், நூடுல்ஸ், ஃப்ரைடு ரைஸ். 'சைனீஸ் ஐட்டம்' என்று போர்டு தொங்கும். வண்டி ஓரத்தில் மூன்று பாட்டில் நிற்கும். சிவப்பு மிளகாய் சாஸ், பச்சை மிளகாய் சாஸ், கறுப்பாய் சோயா சாஸ். ஆனால் சீனர்கள் உண்மையிலேயே தொட்டுச் சாப்பிடுகிற ஒரு சாஸ் அந்த வண்டியில் இருக்காது. அது கடுகு சாஸ்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த மூன்று பாட்டிலையும் நாம் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். சோயா சாஸை வீட்டில் செய்ய நினைத்தால் மாதக்கணக்கில் புளிக்க வைக்க வேண்டும். கடுகு சாஸுக்கு வேண்டியதோ நம்ம அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கிறது. செய்ய கால் மணி நேரம். அடுப்பே பற்ற வைக்க வேண்டாம்.

வெறும் செய்முறை மட்டும் சொல்வதானால் ஆறு வரி போதும். ஆனால் செய்முறையை மட்டும் மனப்பாடம் செய்தால் ஒருநாள் சுருக்கென்று வரும், மறுநாள் சப்பென்று போகும், ஏன் என்று புரியாது. குழுவாகச் சேர்ந்து நாலு பேருக்கு விற்க நினைக்கிறவர்களுக்கு அப்படி ஆகக் கூடாது. அதனால் இந்த இதழ் பாடத்தில் கடுகின் காரம் எங்கிருந்து வருகிறது என்பதில் இருந்தே ஆரம்பிக்கிறோம்.

காரம் விதைக்குள் இல்லை

'கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது' என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அந்தக் காரத்தைச் சோதித்துப் பார்த்திருக்கிறோமா? கொஞ்சம் கடுகை எடுத்து முகர்ந்து பாருங்கள். வாசமே இருக்காது. அதையே ஈரமில்லாத மிக்ஸியில் பொடித்து முகர்ந்து பாருங்கள். அப்போதும் பெரிதாக ஒன்றும் இல்லை. இப்போது அந்தப் பொடியில் ஒரு ஸ்பூன் பச்சைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, மூடி வைத்து, பத்து நிமிடம் கழித்துத் திறந்து பாருங்கள். கண்ணில் தண்ணீர் வரும்!

வெற்றிலை போடுகிறவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். பாக்கில் சிவப்பு இல்லை, சுண்ணாம்பில் சிவப்பு இல்லை, வெற்றிலையிலும் இல்லை. மூன்றும் வாயில் மென்று சேர்ந்தால்தான் சிவக்கும். கடுகும் அப்படித்தான். விதைக்குள் சினிக்ரின் என்று ஒரு பொருள் தனியாக இருக்கிறது. மைரோசினேஸ் என்ற நொதி, அதாவது ஒன்றை இன்னொன்றாக மாற்றும் பொருள், வேறு அறையில் தனியாக இருக்கிறது. விதை உடைந்து, தண்ணீரும் பட்டால்தான் இரண்டும் சந்திக்கும். அப்போது புதிதாக ஒரு பொருள் உண்டாகும். அதன் பெயர் அல்லைல் ஐசோதயோசயனேட். பெயர் வாயில் நுழையாது, ஆனால் வாசம் மூக்கில் நுழையும். அதுதான் கடுகின் காரம். செடி இதை நமக்காகச் செய்து வைக்கவில்லை. தன்னைக் கடிக்கும் பூச்சிக்கு வைத்திருக்கும் தண்டனை அது.

மிளகாய்க் காரத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. மிளகாயின் காரம் ஆவியாகாது. நாக்கில் ஒட்டிக்கொண்டு வெகுநேரம் எரியும். கடுகின் காரம் ஆவியாகும் சரக்கு. தொண்டை வழியே மூக்குக்கு ஏறி, உச்சந்தலை வரை சுருக்கென்று இழுத்து, அரை நிமிடத்தில் போய்விடும். அதனால்தான் பழகியவர்கள் திரும்பத் திரும்பத் தொட்டுக்கொள்கிறார்கள். ஜப்பான்காரர்கள் பச்சை மீனுக்குத் தொட்டுக்கொள்ளும் வசாபியிலும் இதே பொருள்தான். வெளிநாடுகளில் 'வசாபி' என்று பச்சை நிறத்தில் வருகிற பல டியூப்களில் இருப்பது உண்மையில் குதிரை முள்ளங்கியும் கடுகும் பச்சைச் சாயமும்தான்.

இப்போது ஒரு கேள்வி. தினமும் மூன்று வேளை கடுகு தாளிக்கிற நமக்கு ஏன் இந்தக் காரம் தெரிவதில்லை? காய்ந்த எண்ணெயில் கடுகு விழுந்ததும் அந்த நொதி வெந்து செத்துப் போகிறது. நொதி இல்லாவிட்டால் காரம் பிறக்காது. பொரிந்த கடுகில் நமக்குக் கிடைப்பது வறுத்த வாசம், ஒரு லேசான கசப்பு, அவ்வளவே. சாம்பாரில் மிதக்கிற கடுகைக் கடித்தால் ஒன்றும் ஆகாததற்கு இதுதான் காரணம்.

ஆனால் நம் பாட்டிமார்களுக்குப் பச்சைக் கடுகின் அருமை தெரியும். மாவடுவுக்குக் கடுகை வறுக்காமல் வெயிலில் காயவைத்துப் பொடித்துப் போடுவார்கள். ஆந்திரா பக்கத்து ஆவக்காய்க்கும் அதேதான். வெள்ளரிக்காய் பச்சடிக்குத் தேங்காய், பச்சை மிளகாயோடு கொஞ்சம் பச்சைக் கடுகு வைத்து அரைப்பார்கள். கேரளத்துக்காரர்களும் தயிர்ப் பச்சடியில் கடுகைச் சதைத்துப் போடுவார்கள். ஆகவே கடுகு சாஸ் நமக்கு அடியோடு அந்நியமான பண்டம் இல்லை. மாவடு ஜாடியின் அடியில் தேங்குகிற அந்தக் குழம்புச் சாற்றை வழித்து நக்கியவர்களுக்கு ருசி ஏற்கெனவே தெரியும்.

சீனாவில் இது எப்படி

சீன மொழியில் இதை 'ஜியேமோ' என்பார்கள். பெய்ஜிங் பக்கத்தில் நீள முட்டைக்கோஸைத் துண்டு போட்டு, வெந்நீரில் முக்கி எடுத்து, கடுகு விழுதை அடுக்கடுக்காகத் தடவி ஊறவைத்துக் குளிர்காலத்தில் சாப்பிடுவார்கள். சீனாவை விட்டுப் பிழைக்கப் போனவர்கள் அமெரிக்காவில் ஓட்டல் வைத்தபோது, பொரித்த ரோலுக்குத் தொட்டுக்கொள்ள ஒரு சின்னக் கிண்ணத்தில் மஞ்சள் நிறத்தில் இதை வைத்தார்கள். கடுகு மாவு, தண்ணீர். அடிப்படை அவ்வளவுதான். மற்றதெல்லாம் அவரவர் கைப்பக்குவம்.

நம் நாட்டில் சீனர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிற ஊர் கல்கத்தா. அங்கே டாங்ரா என்ற பகுதியில் சீனக் குடும்பங்கள் முதலில் தோல் பதனிடும் தொழில் செய்தார்கள், பிறகு ஓட்டல்களும் வைத்தார்கள். நாம் இன்று வண்டியில் சாப்பிடுகிற இந்தியச் சைனீஸ் ருசிக்கு அந்த ஊர்தான் தாய்வீடு. அதே கல்கத்தாவில் வங்காளிகள் 'காசுந்தி' என்று ஒரு கடுகு சாஸ் வைத்திருக்கிறார்கள். பச்சைக் கடுகை அரைத்து, உப்பு, மஞ்சள், சில வீடுகளில் மாங்காயும் சேர்த்துப் புளிக்க வைப்பது. அட்சய திருதியை அன்று மடியாக ஆரம்பிக்கும் வழக்கம் இருந்தது. இங்கே நாம் அன்றைக்குத் தங்கம் வாங்க ஓடுகிறோம், அங்கே கடுகு கழுவினார்கள்! மீன் வறுவலுக்கும் கட்லெட்டுக்கும் காசுந்தி இல்லாமல் வங்காளி கை வைக்க மாட்டார்.

கடுகு வாங்கும்போது கண் திறந்து வாங்குங்கள்

செய்முறைக்குப் போகும் முன் இதைச் சொல்லியே ஆக வேண்டும். இந்தப் பாடத்தில் ஒரு பகுதியை மட்டும் படிப்பதானால் இதைப் படியுங்கள்.

கடுகு நம் மாவட்டத்துப் பயிர் இல்லை. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், அரியானா, மத்தியப் பிரதேசம் ஆகிய வடமாநிலங்களில் இருந்துதான் மூட்டை மூட்டையாக வருகிறது. வருகிற வழியில் கலப்படமும் வரலாம். கடுகில் கலக்கிற மிக மோசமான விதை பிரம்மதண்டு விதை. பிரம்மதண்டு எல்லோருக்கும் தெரிந்த செடிதான். தரிசிலும் சாலை ஓரத்திலும் முள் முள்ளான இலையோடு, மஞ்சள் பூ பூத்து நிற்கும். ஒடித்தால் மஞ்சள் பால் வரும். அதன் விதை பார்வைக்குக் கடுகு மாதிரியே இருக்கும். ஆனால் அதில் விஷம் உண்டு.

1998 ஆகஸ்டில் டெல்லியில் என்ன நடந்தது என்று வயதில் மூத்த சகோதரிகளுக்கு ஞாபகம் இருக்கலாம். பிரம்மதண்டு எண்ணெய் கலந்த கடுகெண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்திய குடும்பங்களில் கால் வீங்கி, மூச்சு முட்டி, சுமார் 3,000 பேர் பாதிக்கப்பட்டார்கள். 60 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அவர்கள் யாரும் தப்பான காரியம் செய்யவில்லை, கடையில் எண்ணெய் வாங்கினார்கள், அவ்வளவுதான்.

தாளிக்க நாம் போடுவது அரை ஸ்பூன் கடுகு. சாஸுக்கு நாலு கரண்டி பொடி போகிறது, அதுவும் அப்படியே பச்சையாக உள்ளே போகிறது. அதனால் இங்கே சுத்தம் பார்ப்பது பத்து மடங்கு முக்கியம்.

பார்ப்பது கஷ்டம் இல்லை. ஒரு கைப்பிடியை வெள்ளைத் தட்டில் பரப்புங்கள். வெயிலில் வைத்துப் பாருங்கள். கண்ணாடி போட்டவர்கள் கண்ணாடியோடு பாருங்கள், கூச்சம் வேண்டாம். கடுகு வழவழவென்று இருக்கும். பிரம்மதண்டு விதை சொரசொரப்பாக, கருங்கருவென்று இருக்கும். சந்தேகப்பட்ட விதையை நகத்தாலோ கரண்டியின் அடியாலோ நசுக்குங்கள். உள்ளே மஞ்சளாக இருந்தால் கடுகு, வெள்ளையாக இருந்தால் பிரம்மதண்டு. ஒரே ஒரு விதை கிடைத்தாலும் 'பொறுக்கிப் போட்டுவிட்டுப் பயன்படுத்தலாம்' என்று நினைக்காதீர்கள். மொத்தச் சரக்கையும் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள். குழுவுக்காக மொத்தமாக வாங்கும்போது ஒருவரே போய் வாங்கி வராமல், ஊக்குநரோடு இன்னும் ஒருவர் உடன் போய்ப் பார்த்து வாங்குவது நல்லது.

எந்தக் கடுகு நல்லது? நம் கடைகளில் கிடைக்கும் கறுப்பு, பழுப்புக் கடுகில் மூக்கில் ஏறும் காரம் அதிகம். கூடவே கசப்பும் அதிகம். மஞ்சள் கடுகு சாந்தமானது. கடைகளில் மஞ்சள் கடுகு என்று வருவது எல்லாம் ஒரே இனம் இல்லை. வெளிநாட்டு வெள்ளைக் கடுகு இனமாக இருந்தால் அதன் காரம் மூக்குக்கு ஏறாது, நாக்கிலேயே நிற்கும். இரண்டையும் பாதிப் பாதி கலந்தால் நிறமும் பார்வையாக இருக்கும், ருசியும் சமமாக இருக்கும். சாம்பிராணியோடு புகை போட என்று நாட்டு மருந்துக் கடையில் வெண்கடுகு விற்பார்கள். அது எத்தனை நாள் சரக்கோ தெரியாது. சாப்பாட்டுக்கு மளிகைக் கடையில் வாங்கியதே போதும்.

பொடிக்கும் பக்குவம்

இங்கே நம் கை ஒரு பழைய பழக்கத்தைக் கேட்கும். மிளகாய், மல்லி, வெந்தயம் எதை அரைத்தாலும் நாம் வாணலியில் ஒரு பிரட்டுப் பிரட்டித்தான் அரைப்போம். கடுகு சாஸுக்கு வறுக்கக் கூடாது. லேசாகக் கூட வறுக்கக் கூடாது. வறுத்தால் நொதி போச்சு, காரம் போச்சு.

கல், தூசி, சாவி நீக்கிப் புடைத்து, ஒரு வெயில் காயவைத்து, ஆறிய பிறகு மிக்ஸியில் விட்டு விட்டு அரையுங்கள். ஒரே மூச்சில் ஓட்டினால் ஜார் சூடாகும், கடுகில் உள்ள எண்ணெய் கசிந்து அடியில் ஒட்டிக்கொள்ளும். பத்து விநாடி ஓட்டி நிறுத்தி, தட்டிவிட்டு, மறுபடி ஓட்டுங்கள். மூடியைத் திறக்கும்போது முகத்தை அருகில் கொண்டு போகாதீர்கள். மெல்லிய சல்லடையில் சலித்தால் தோல் மேலே நிற்கும், மஞ்சள் மாவு கீழே இறங்கும். மேலே நின்ற தோலை வீணாக்க வேண்டாம், ஊறுகாய்க்குப் போடலாம்.

இனி சாஸ். சலித்த கடுகு மாவு 4 மேசைக்கரண்டி, உப்பு அரை டீஸ்பூன், மஞ்சள் தூள் கால் டீஸ்பூன், சர்க்கரை 1 டீஸ்பூன். இதைக் கலந்து, பச்சைத் தண்ணீர் 3 மேசைக்கரண்டி கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் குழையுங்கள். தோசை மாவை விடக் கெட்டியாக, இட்லி மாவை விட இளக்கமாக வந்தால் போதும். மாவுக்கு மாவு தண்ணீர் பிடிப்பது வித்தியாசப்படும், ஆகவே கடைசிக் கரண்டியைப் பார்த்து விடுங்கள். மூடி போட்டு 10 முதல் 15 நிமிடம் அப்படியே வையுங்கள். குழைத்தவுடன் நக்கிப் பார்த்தால் வெறும் கசப்புத்தான் தெரியும், 'என்னடா இது' என்று தோன்றும். பொறுங்கள். பத்து நிமிடத்தில் காரம் ஏறும், கசப்பும் ஓரளவு தணியும்.

அதன் பிறகு வினிகர் 1 முதல் 2 டீஸ்பூன், நல்லெண்ணெய் 1 டீஸ்பூன் விட்டுக் கலக்குங்கள். சீனர்கள் விடுவது வறுத்த எள்ளின் எண்ணெய். நம் செக்கு நல்லெண்ணெய் அதைவிட மென்மையானது, எங்களுக்கு அதுவே பிடிக்கிறது. வினிகர் பிடிக்காதவர்கள் எலுமிச்சம் பழம் பிழியலாம். கடைகளில் விற்கும் சாதாரண வினிகர் சுமார் 4 சதவீதப் புளிப்பு கொண்டது. கெட்டி அசிட்டிக் அமிலத்தைத் தண்ணீர் கலக்காமல் ஒருபோதும் உணவில் விடக் கூடாது, அது குடலைப் பொசுக்கிவிடும்.

காரம் கூட்ட, குறைக்க: தண்ணீர், சூடு, புளிப்பு

வினிகரை ஏன் முதலிலேயே விடக் கூடாது என்று கேட்பீர்கள். புளிப்பு பட்டால் அந்த நொதி வேலையை நிறுத்திக்கொள்ளும். முதலிலேயே வினிகர் விட்டால் காரம் பிறக்கும் முன்பே கதவை அடைத்த மாதிரி. பதினைந்து நிமிடம் கழித்து விட்டால், அதுவரை பிறந்த காரம் அந்த அளவிலேயே தங்கும். புளிப்பே விடாமல் வைத்தால் காரம் ஏறி உச்சத்துக்குப் போய், பிறகு சில மணி நேரத்தில் தானாகவே தேய்ந்து போகும். அதாவது வினிகர் இங்கே ருசிக்கு மட்டுமல்ல, கடிகாரத்தை நிறுத்துகிற விரலும் அதுதான்.

ஆகவே வீட்டில் குழந்தைகளுக்கும் சேர்த்துச் செய்வதானால் குழைத்து மூன்று நான்கு நிமிடத்திலேயே வினிகர் விடுங்கள், சாதுவான சாஸ் கிடைக்கும். கண்ணில் நீர் வர வேண்டும் என்கிறவர்களுக்குக் கால் மணி நேரம் பொறுத்து விடுங்கள். கொதிக்கிற தண்ணீரில் குழைத்தால் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் காரம் வராது. குளிர்காலத்தில் கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீர் பரவாயில்லை. சீனாவில் சில வீடுகளில் அப்படித்தான் குழைத்து, மூடி, கதகதப்பான இடத்தில் வைப்பார்கள். நம்ம ஊர்ச் சித்திரை வெயிலுக்குப் பானைத் தண்ணீரே தாராளம்.

செய்த சாஸைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் ஒன்றிரண்டு வாரம் கெடாது. ஆனால் காரம் ஒவ்வொரு நாளும் குறைந்துகொண்டே வரும். பெட்டி இல்லாத வீட்டில் அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்குக் குழைப்பதே உத்தமம். வடை, பஜ்ஜி, வேகவைத்த முட்டை, மீன் வறுவல், அவித்த மரவள்ளிக்கிழங்கு எல்லாவற்றுக்கும் சேரும். தேன் அல்லது வெல்லப்பாகு ஒரு ஸ்பூன் சேர்த்தால் பிள்ளைகள் சப்பாத்திக்குக் கூடத் தடவிக்கொள்வார்கள். முதல் தடவை சாப்பிடுகிறவர்களுக்கு ஈர்க்குச்சி நுனி அளவு கொடுத்துப் பழக்குங்கள். கைக்குழந்தைகளுக்கு வேண்டாம். வயிற்றுப் புண் உள்ளவர்களும் ஒதுங்கிக்கொள்வது நல்லது. சிலருக்குக் கடுகே ஒவ்வாமை தரும். ஐரோப்பாவில் உணவுப் பொட்டலத்தில் கடுகு இருந்தால் கட்டாயம் எழுத வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

எந்தக் கிண்ணத்தில் வைப்பது

புளிப்பும் உப்பும் சேர்ந்த எதையும் அலுமினியத்திலும் ஈயம் பூசாத பித்தளையிலும் வைக்கக் கூடாது என்று நமக்குத் தெரியும். கண்ணாடி அல்லது பீங்கான்தான் சரி. பீங்கான் என்றதும் நம் கண் தானாகவே 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற விருத்தாசலத்துக்குப் போகும். பீங்கான் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பம் கற்றுக்கொடுக்கும் அரசுப் பயிலகமும் உள்ள ஊர். மின்சார ஃப்யூஸ் கட்டையில் இருந்து கொலு பொம்மை வரை அங்கே சூளையில் வேகிறது. நம் பகுதிப் பெண்கள் பலருக்கும் அது கூலி கொடுத்த தொழில், இப்போதும் கொடுக்கிற தொழில்.

ஆனால் பீங்கானிலும் வித்தியாசம் உண்டு, அதைக் கவனிக்க வேண்டும். பண்டம் வெந்த பிறகு மேலே பளபளப்பாக ஒரு பூச்சு இருக்கிறதே, அது ஒருவகைக் கண்ணாடி. சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு என்று செய்த பூச்சு வேறு, அழகுக்காகப் பொம்மைக்கும் பூச்சாடிக்கும் பூசுவது வேறு. அலங்காரப் பூச்சுகளிலும் பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு வண்ணங்களிலும் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் இருக்கக் கூடும். பொம்மையாக அலமாரியில் இருக்கும் வரை தொந்தரவில்லை. அதில் புளிப்புப் பண்டத்தைப் போட்டு நாள்கணக்கில் வைத்தால் அந்த உலோகம் சாப்பாட்டில் இறங்கும். உலகம் முழுவதும் பாத்திரப் பூச்சைச் சோதிக்கிற முறை என்ன தெரியுமா? 4 சதவீத அசிட்டிக் அமிலத்தை, அதாவது நம்ம வினிகரின் அதே புளிப்பை, பாத்திரத்தில் ஊற்றி 24 மணி நேரம் வைத்து, ஈயம் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பதுதான். கடுகு சாஸை விசித்திரமான கிண்ணத்தில் வைப்பவர் அந்தச் சோதனையைத் தன் வயிற்றில் செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது 'இது சாப்பாட்டுக்கா, அழகுக்கா?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். உள்பக்கம் வெள்ளையாக, வண்ணம் இல்லாமல், விரிசல் இல்லாமல் இருக்கிற ஊறுகாய் ஜாடி வகை நல்லது. வண்ணக் கோலம் வெளிப்பக்கம் இருந்துவிட்டுப் போகட்டும்.

குழு இதை விற்கலாமா?

செய்யத் தெரிந்ததும் அடுத்து இந்தக் கேள்விதான் வரும். எங்கள் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்கிறோம். பாட்டிலில் சாஸாக விற்பது நமக்கு ஏற்ற தொழில் இல்லை. பாட்டில் செலவு, மூடி செலவு, குளிர்சாதனம், போக்குவரத்து எல்லாம் போக, வாடிக்கையாளர் கையில் போய்ச் சேரும்போது அதன் காரம் பாதி இறங்கியிருக்கும். பெரிய கம்பெனிகள் போட்டியில் இருக்கிற இடத்தில் சுழல் நிதியைப் போட்டு நாம் ஏன் இறங்க வேண்டும்?

பொடியாக விற்பது வேறு கதை. தண்ணீர் படாத வரை காரம் பிறக்காது, பிறக்காத காரம் குறையவும் குறையாது. இதை முதலில் கண்டுகொண்டவரும் ஒரு பெண்தான் என்று இங்கிலாந்தில் சொல்கிறார்கள். 1720 வாக்கில் டர்ஹாம் என்ற ஊரில் திருமதி கிளெமென்ட்ஸ் என்பவர் கடுகைக் கோதுமை மாதிரி அரைத்து, சலித்து, மாவாக்கினாராம். குதிரை மேல் ஏறி ஊர் ஊராகப் போய், லண்டன் வரைக்கும் போய், ஆர்டர் பிடித்தாராம். 'டர்ஹாம் கடுகு' என்று பேர் பரவியது. கிட்டத்தட்ட நூறு வருஷம் கழித்து, 1814ல் ஜெரமையா கோல்மன் என்பவர் நார்விச் பக்கத்தில் ஒரு ஆலையில் பழுப்புக் கடுகையும் வெள்ளைக் கடுகையும் கலந்து அரைத்து விற்க ஆரம்பித்தார். அந்த மஞ்சள் டப்பா, மாட்டுத்தலைப் படத்தோடு, இன்றைக்கும் கடைகளில் பொடியாக விற்கிறது. பொடி தாங்கும் என்பது நம்ம ஸ்ரீமுஷ்ணத்துக்காரர்களுக்குப் புதுசும் இல்லை. பூவராகர் கோயில் கோரைக்கிழங்குப் பிரசாதத்தை வாங்கிப் பத்திரமாக வெளியூர் உறவுக்காரர்களுக்கு அனுப்புகிறவர்கள் தானே நாம்.

ஒரு குறை உண்டு. ஆலையில் எண்ணெய் நீக்காமல் நாம் வீட்டில் அரைக்கும் பொடியில் எண்ணெய் நிறைய இருக்கும். நாளானால் சிக்கு வாசம் வரும், கட்டி தட்டும். அதனால் நாலு மாதச் சரக்கை ஒரே தடவையில் அரைத்து அடுக்காதீர்கள். மாதம் ஒரு தடவை, விற்கிற அளவுக்கு மட்டும். காற்றுப் புகாத உறையில், வெயில் படாமல் வையுங்கள்.

விலை போடும் முன் ஒரு கணக்குப் பாருங்கள். ஒரு கிலோ கடுகு வாங்கி, புடைத்து, காயவைத்து, அரைத்து, சலித்த பிறகு எத்தனை கிராம் மாவு மிஞ்சுகிறது என்று நிறுத்து எழுதி வையுங்கள். கடையில் கொடுத்த விலையை அந்த மிஞ்சிய எடையால் வகுத்தால்தான் உண்மையான சரக்கு விலை வரும். அதன் மேல் உறை, மின்சாரம், நம் கைக்கூலி. கைக்கூலியைக் கணக்கில் எழுதாமல் 'லாபம்' என்று சொல்லிக்கொள்ளும் வழக்கம் நம் குழுக்களில் இருக்கிறது. ஒரு நாள் வேலைக்குப் போயிருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்று பார்த்து அதை எழுதுங்கள். எழுதிய பிறகும் மிச்சம் இருந்தால்தான் லாபம்.

உணவுப் பொருள் எதை விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும். 2006ஆம் ஆண்டுச் சட்டம் 2011 ஆகஸ்ட் 5ஆம் தேதியில் இருந்து நடைமுறையில் இருக்கிறது. வீட்டில் செய்து விற்கிற சிறு குழுவுக்கும் அது பொருந்தும். பதிவு செய்தால் கிடைக்கும் 14 இலக்க எண்ணை உறையில் அச்சிட வேண்டும். கூடவே பொருளின் பெயர், எடை, விலை, அரைத்த தேதி, எத்தனை நாளுக்குள் பயன்படுத்த வேண்டும், குழுவின் முகவரி, சைவ உணவுக்கான பச்சைப் புள்ளி. பதிவுக் கட்டணமும் விதிகளும் அவ்வப்போது மாறும் என்பதால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலேயே நேரில் கேட்டுக்கொள்ளுங்கள், இடைத்தரகர் வேண்டாம்.

கடன் எடுக்கும் முன், உள்கடனில் கூட எடுக்கும் முன், ஒரே ஒரு கிலோ கடுகில் சோதித்துப் பாருங்கள். 50 கிராம் உறைகளாகப் போட்டு, தெரிந்த மூன்று வண்டிக்கடைக்காரர்களிடம் கொடுங்கள். முதல் நாள் நீங்களே நின்று குழைத்துக் காட்டுங்கள். ஒரு வாரம் கழித்துப் போய், 'இன்னும் வேணுமா?' என்று மட்டும் கேளுங்கள். 'நல்லா இருந்துச்சு' என்பது பதில் இல்லை, அது மரியாதை. 'இன்னும் ரெண்டு பாக்கெட் கொடுங்க' என்று காசை நீட்டினால் அதுதான் பதில். மூன்று பேரில் ஒருவரும் நீட்டவில்லை என்றால் மிச்சக் கடுகை மாவடுவுக்கு வைத்துக்கொள்ளலாம், நட்டம் ஒரு கிலோவோடு போகும்.

உறையின் பின்பக்கம் இந்த நாலு வரியைப் பெரிய எழுத்தில் போடுங்கள், பாதிப் புகார் வராது:

பச்சைத் தண்ணீரில் குழைக்கவும்.
கொதிநீர் கூடாது.
15 நிமிடம் மூடி வைக்கவும்.
வினிகர் அல்லது எலுமிச்சை அதன் பிறகே.